பிள்ளைகள் ஊருக்குச் செய்ததும் ஊர் பிள்ளைகளுக்குச் செய்ததும்

"வழக்கம்போல் ஒரு சமணக் கல்வெட்டுக் கட்டுரை தந்துவிடுங்கள் நயினார்" என்று மலர்க்குழு அன்பர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஆனால் இம்முறை வந்திருப்பது கொஞ்சம் வேறு மாதிரி. கல்வெட்டு இதிலும் உண்டு. என்றாலும் முக்கால் பங்கு கல்லூரிப் பிள்ளைகளின் தொண்டைப் பற்றியது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் அழுத்த நோயால் எனக்கு வலக்கண் முழுதும் போய்விட்டது. இடக்கண்ணில் நடந்துபோக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கிறது, அச்செழுத்து தெரியாது. மூன்று ஆண்டுகளாக எனக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது கல்லூரி மாணவர்கள்தாம். இக்கட்டுரையும் நான் சொல்லச் சொல்ல ஒரு மாணவி எழுதியது. தன் பெயரைப் போடக்கூடாது என்பது அந்தப் பிள்ளையின் நிபந்தனை.

நான் படித்த வரலாற்றாசிரியன் அல்லன். வந்தவாசிப் பக்கம் பிறந்து, கோரைப் பாய் வியாபாரம் செய்ய தில்லிக்கு வந்து, ஆர்.கே.புரத்தில் காலத்தைக் கழித்தவன். கல்வெட்டுத் தொகுதிகளைக் கடை மூடியபின் படித்தேன். கண் போனதும் அது நின்றுபோயிற்று. அப்போதுதான் நண்பர் ஒருவர் ஐந்தாம் செக்டாரை நினைவூட்டினார். நம் தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கும் அதே ஐந்தாம் செக்டாரில்தான் பார்வையற்றோர் தேசிய சங்கத்தின் தில்லிக் கிளையும் இருக்கிறது. சங்கத்து நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நூறு முறை அந்த வழியே போயிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய, தேர்வில் சொல்வதை எழுத என்று பல கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் போய்வருவதை அப்போதுதான் அறிந்தேன். "தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை கிடைக்குமா?" என்று ஒவ்வொரு கல்லூரியாக விசாரித்தேன். தெற்கு வளாகக் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் கிடைத்தார்.

நாட்டு நலப்பணித் திட்டம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது ரத்ததான முகாமும் மரக்கன்றும்தான். இதற்கு ஒரு நீண்ட வாக்குவாதத்தின் வரலாறு உண்டு. தொண்டு செய் என்று கட்டாயப்படுத்தலாமா, கூடாதா என்பதே அந்த வாக்குவாதம்.

விடுதலைக்குப் பின் 1948-49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் ஜாகிர் உசேனும் அதில் உறுப்பினர்கள். (ஆர்.கே.புரத்தின் 'ஆர்.கே.'வை ராதாகிருஷ்ணன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. அது ராமகிருஷ்ணர்.) கல்விக்கூடங்களில் தேசத் தொண்டு வேண்டும், ஆனால் மனமுவந்து செய்வதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு அக்காலத்திலேயே எழுந்தது. 1952இல் வந்த முதல் ஐந்தாண்டுத் திட்டம் மாணவர் ஓராண்டு உழைப்பும் தொண்டும் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. உழைப்பு முகாம்கள் அங்கங்கே நடந்தன. 1958இல் பிரதமர் நேரு மாநில முதல்வர்களுக்கு எழுதியபோது, பட்டம் பெறுவதற்கே சமூகத் தொண்டை ஒரு முன்நிபந்தனையாக்கலாமா என்ற யோசனையை வைத்தார்.

1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் நுழைய விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயம் தேசத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அக்குழுவின் முடிவு. தேஷ்முக் ரிசர்வ் வங்கிக்குக் கவர்னராக இருந்தவர், நிதியமைச்சராக இருந்தவர். பின்னால் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். கணக்குத் தெரிந்தவர். ஆனாலும் அத்தனை லட்சம் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது, மேற்பார்வை யார் பார்ப்பது என்ற கேள்வியில் திட்டம் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டே கே.ஜி. சையிதைன் பிறநாட்டு அனுபவங்களை ஆராய்ந்து, இதைக் கட்டாயமாக்க வேண்டாம், விருப்பத் தொண்டாகவே தொடங்குங்கள் என்று அறிக்கை தந்தார்.

நடுவில் சீனப் போர் வந்தது. 1963இல் தேசிய மாணவர் படை கல்லூரிகளில் கட்டாயமாயிற்று. 1968இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு வேறொரு முகமும் இருந்தது: 1968 ஜனவரியில் அண்ணா கொண்டுவந்த இருமொழித் தீர்மானத்தில் மாணவர் படையின் இந்தி ஆணைச் சொற்களை நீக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. 'கட்டாயம்' என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும் காலம் அது. ஆகவே படையில் சேர விரும்பாத பிள்ளைகளுக்கு மாற்றாக ஒரு தொண்டுத் திட்டம் என்ற எண்ணம் துணைவேந்தர்களிடையே வலுத்தது. 1964-66 கோத்தாரி குழுவும் எல்லா நிலைகளிலும் சமூகத் தொண்டு கல்வியோடு சேர வேண்டும் என்று சொல்லியிருந்தது.

1969, காந்தி நூற்றாண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மத்தியக் கல்வியமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். ராவ் பிறந்த ஊர் காஞ்சிபுரம். தில்லியில் பொருளாதாரப் பள்ளியை எழுப்பியவரும் இவரே. எங்களுக்கு ஜினகாஞ்சி இருக்கும் ஊர் என்பதால் இதை ஒரு வரி கூடுதலாகச் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்தருள்க. அதே ஆண்டு நவம்பரில் நம் ஆர்.கே.புரத்துப் பக்கத்து வீடான ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும் பிறந்தது.

திட்டத்தின் சின்னம் கொணாரக் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் என்பார்கள். 'எனக்காக அல்ல, உனக்காக' என்ற பொருளில் ஒரு முழக்கம். எல்லாம் நல்லதுதான். ஆனால் கட்டாயத்தை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கணக்கைச் சன்னல் வழியே உள்ளே விட்டார்கள். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும், தத்தெடுத்த கிராமத்தில் ஒரு சிறப்பு முகாமும் உண்டு, முடித்தால் சான்றிதழ். இன்று திட்டத்தில் இருப்போர் 30 லட்சத்தைத் தாண்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கையெழுத்து.

நானும் அந்தக் குறிப்பேடு வைத்திருந்தவன்தான். 1979இல் வடஆர்க்காடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. திட்டம் தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. 1973இல் பஞ்சத்துக்கு எதிராக இளைஞர் என்று ஆரம்பித்து, அழுக்குக்கும் நோய்க்கும் எதிராக, மரம் வளர்க்க என்று தலைப்புகள் மாறி, எங்கள் காலத்தில் கிராமப் புனரமைப்புக்கு வந்திருந்தன. 1978 அக்டோபர் 2இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும் தொடங்கியிருந்தது. ஆகவே எங்களுக்குக் காலையில் ஏரிக்கால்வாய் தூர் வாருவது, மாலையில் பெரியவர்களுக்கு அ, ஆ சொல்லித்தருவது என்று பத்து நாள் முகாம். ஐம்பது பேர்.

எனக்கு ஒரு சங்கடம். எங்கள் குலத்தில் இரவுண்ணாமை கடைப்பிடிப்போம். பொழுது சாய்ந்தபின் உணவில்லை. முகாமிலோ மாலை வகுப்பு முடிந்து எட்டரை மணிக்குத்தான் சோறு. முதல் இரண்டு நாள் பட்டினியாகவே படுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கால்வாயில் மண்வெட்டி பிடித்தபடி மயங்கி உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டு ஆயா ஒருத்தி விசாரித்துத் தெரிந்துகொண்டு, "ஏன்டா தம்பி, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? அஞ்சு மணிக்கு வந்துடு" என்றாள். மிச்ச எட்டு நாளும் வெயில் இறங்குமுன் அவள் வீட்டுத் திண்ணையில் கேழ்வரகுக் களியும் கீரையும். வெங்காயம் சேர்க்காமல் தனிச்சட்டி வைத்தாள். அவள் வீட்டில் அன்றாடம் அடுப்பு எரிவதே பெரிய காரியம் என்பது எனக்கு ஆறாம் நாள்தான் புரிந்தது. மாலை வகுப்பில் அவள் பெயரை எழுதக் கற்றுத்தர முயன்றேன். மூன்று எழுத்தில் நின்றுபோயிற்று.

முகாம் அறிக்கையில் என்ன எழுதினோம் தெரியுமா? இத்தனை அடி கால்வாய், இத்தனை பேருக்கு எழுத்தறிவு, இத்தனை மனித மணிகள். அறிக்கையைப் படியெடுத்தவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஆயா போட்ட எட்டு நாள் சோறு அதில் எந்தப் பத்தியிலும் வரவில்லை. போட எனக்குத் தோன்றவும் இல்லை. அடுத்த சில மாதத்தில் தகப்பனார் காலமாக, படிப்பை நிறுத்திவிட்டு 1980இல் தில்லியில் இருந்த தாய்மாமன் கடைக்கு வந்துவிட்டேன். 240 மணி முடியாததால் சான்றிதழும் இல்லை. அப்போது அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது!

வியாபாரியாக எனக்கு ஒன்று தெரியும். பேரேட்டில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஏற்கமாட்டான். மாணவர் தொண்டு பற்றி நான் வாசித்த, இப்போது வாசிக்கக் கேட்கிற அறிக்கைகளில் பெரும்பாலானவை கொடுத்தவர் பக்கம் மட்டுமே எழுதியவை. வாங்கிய ஊர் என்ன சொல்கிறது, அந்த ஊர் பிள்ளைகளுக்குத் திருப்பி என்ன தந்தது என்ற பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது. தொண்டு வாங்குவோர் வாயில்லாத பூச்சிகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

உலகெங்கும் இது இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 1884இல் லண்டனின் ஒயிட்சேப்பல் ஏழைக் குடியிருப்பில் டாயின்பி ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அங்கேயே தங்கி அக்கம்பக்கத்தாரோடு வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுக்க மட்டுமல்ல, கற்றுக்கொள்ளவும் வந்தவர்கள் என்பது அதன் அடிப்படை. நம் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனமும் ஊரின் நடுவிலேயே வளர்ந்தது. அங்கே மாணவர்க்குச் சாந்தி சேனைப் பயிற்சி உண்டு. பத்து நாள் முகாமுக்கு லாரியில் இறங்கி ஏறும் தொண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தில்லியில் நான் கண்ணால் கண்ட ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதும், அடுத்த நாட்களில் சீக்கியர் மீது நடந்த கொடுமையில் அரசுக் கணக்கின்படியே தில்லியில் 2,733 பேர் மாண்டார்கள். யமுனைக்கு அப்பால் ஃபர்ஷ் பஜார் முதலான இடங்களில் நிவாரண முகாம்கள். நாகரிக் ஏக்தா மஞ்ச் என்ற பெயரில் குடிமக்கள் கூடி வேலை செய்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் இருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்பியதல்ல. எந்தக் குறிப்பேட்டிலும் மணி ஏறவில்லை. எங்கள் கடைக்கு ஒரு மாணவியும் மாணவனும் வந்து, முகாமில் குழந்தைகள் வெறுந்தரையில் படுக்கிறார்கள், பாய் வேண்டும் என்றார்கள். மாமா கிடங்கைத் திறந்து 40 பாய் எடுத்துவைத்தார். நான் பழக்க தோஷத்தில் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். "யார் பெயருக்கு எழுதட்டும்?" என்றேன். அந்தப் பெண் சற்று யோசித்து, "யார் பெயருக்கு எழுதுவீர்கள்?" என்று இந்தியில் திருப்பிக் கேட்டாள். ரசீது எழுதவில்லை. பாய்களை டெம்போவில் ஏற்றக் கூடப்போனேன். முகாம் வாசலில் நின்ற கிழவர் ஒருவர் நாற்பதையும் தானே எண்ணி இறக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தக் குடும்பத்துக்குப் போயிற்று என்று பழைய காகிதத்தில் குர்முகியில் குறித்துக்கொண்டார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தக் கணக்கை எழுதியது வாங்கிய கை.

சமணச் சிராவகர்க்குச் சொல்லிய தானம் நான்கு: உணவு, மருந்து, நூல், அடைக்கலம். 'அஞ்சினான் புகலிடம்' என்ற சொல் நம் கல்வெட்டுகள் சிலவற்றில் வருகிறது. நூல் தானத்துக்கு, பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை பொன்னரின் சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படி எழுதுவித்துக் கொடுத்ததை எல்லோரும் சொல்வோம். ஆனால் இங்கும் நாம் சொல்வது கொடுத்தவர் பெயர்தான். கழுகுமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: பாறை முழுக்கத் திருமேனிகள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர். குரத்தியரும் மாணாக்கரும் அதில் வருகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆயினும் அதுவும் கொடுத்தவர் கணக்கே. நம் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியை இந்த மாணவி வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வேடல் வந்தது. எங்கள் வந்தவாசி வட்டாரத்து ஊர்; சின்ன வயதில் அந்தக் குன்றில் ஏறி விளையாடியிருக்கிறேன். முதலாம் ஆதித்தன் காலம் என்று கொள்ளப்படும் ராஜகேசரிவர்மனின் 14ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அங்கே குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியார் பெண்களுக்குக் கல்வி புகட்டினார். நூற்றுக்கணக்கான மாணவியர். பள்ளியில் ஒரு பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரையும் அவர் மாணவியரையும் காத்து உணவளிப்போம் என்று அவ்வூரார் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். இதைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறது.

இதை இருபது வருடம் முன் நானே கண்ணால் படித்திருக்கிறேன். பெண்கல்விக்குச் சான்று என்று ஒரு மலரில் எழுதியும் இருக்கிறேன். பிறர் குரலில் கேட்டபோது வேறு ஒன்று பட்டது. மாணவர் ஊருக்குச் செய்தார்கள் என்று கல்லில் இல்லை. ஊர் மாணவர்க்குச் சோறு போட்டது என்றிருக்கிறது. திண்ணையில் கேழ்வரகுக் களி வைத்த ஆயா நினைவுக்கு வந்தாள். "நிறுத்தும்மா கொஞ்சம்" என்றேன். அந்தப் பிள்ளை நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்ததாம்.

பள்ளி என்ற சொல்லே சமண முனிவர் உறைவிடத்திலிருந்து கல்விக்கூடத்துக்கு வந்தது என்று அடிக்கடி மேடையில் சொல்வோம். அந்தப் பள்ளிகள் ஊரார் கொடுத்த பள்ளிச்சந்த நிலத்தில் நின்றன. இன்றைய பல்கலைக்கழகமும் ஊரார் வரிப்பணத்தில்தான் நிற்கிறது. தேஷ்முக் குழு கட்டாயம் என்றபோது அவர்கள் மனத்தில் இருந்தது இந்தக் கடன்தான் என்று இப்போது எண்ணுகிறேன். சையிதைன் விருப்பம் என்றதற்கும் காரணம் உண்டு. கெடு வைத்து வசூலித்தால் கடன் தீரும், உறவு தீர்ந்துவிடும். எனக்கு இருவரும் சரியாகவே படுகிறார்கள். அந்தக் குறிப்பேட்டில் ஊர் எழுதுவதற்கு ஒரு பக்கம் விட்டிருந்தால் இருவரும் சமாதானமாயிருப்பார்கள் என்பது என் கட்சி.

என் அனுபவத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வந்த மாணவர் சனிக்கிழமைதோறும் தவறாமல் வந்தார். குறிப்பேட்டை நீட்டுவார், கையெழுத்துக் கோடு எங்கே என்று விரலை வைத்துக் காட்டுவார். நூற்றிருபதாம் மணி முடிந்த நாளில் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆடல் மகளிர் பட்டியல் நடுவில் நின்றது. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. போன் எடுக்கவில்லை. எனக்குச் சரியான கோபம். வீட்டில், "நீங்க மட்டும் 1980ல அந்த ஊருக்குத் திரும்பிப் போய் மூணு எழுத்துல நின்ன பாட்டிக்கு நாலாவது எழுத்து சொல்லிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது வந்தவள்தான் இதை எழுதுபவள். தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்த தில்லிப் பிள்ளை. முதல் மாதம் 'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தாண்டவே பத்து நிமிடம் ஆயிற்று; சகரம் எங்கே, ஶகரம் எங்கே என்று தடுமாறுவாள். இன்று கோப்பரகேசரிக்கும் ராஜகேசரிக்கும் வித்தியாசம் சொல்கிறாள், வேலி, குழி, மா என்று நில அளவையை வாய்ப்பாடாக ஒப்பிக்கிறாள். நான்கு மணிக்கு வருவாள். குளிர்காலத்தில் ஐந்தேகால் மணிக்கே வாசிப்பை நிறுத்தி, "அங்கிள், சூரியன் இறங்குது, சாப்பிட்டுடுங்க" என்பாள். என் மனைவி அவளுக்கும் ஒரு தட்டு வைப்பாள். அதை நேர அட்டவணையில் சேர்க்கலாமா என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டாள்.

அவளுடைய 240 மணி போன ஆகஸ்டிலேயே முடிந்தது. வரும் மே மாதத்தோடு படிப்பும் முடிகிறது. மேற்படிப்புக்கு வெளியூர் போகக்கூடும். மூன்றாம் தொகுதியில் திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் பாக்கி. ஜூலை முதல் சனிக்கிழமை மாலைகளில் தமிழும் கொஞ்சம் கிரந்தமும் வாசிக்கக்கூடிய கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் சங்கத்து நூலகத்தில் சொல்லிவைக்கவும். வெயில் காலத்தில் ஆறரை மணிக்குச் சாப்பாடு.